காவிரியின் இரு கரைகள்: ஸ்ரீரங்கத்துக் கஷாயமும் திருச்சிச் சுருட்டும்

பங்குனி மாதத்தில் ஒருநாள் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் பல்லக்கில் ஏறி, காவிரியைக் கடந்து, உறையூருக்கு எழுந்தருளுவார். அங்கே கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை நடக்கும். பிறகு மறுபடி ஆற்றைக் கடந்து தன் ஊருக்குத் திரும்பிவிடுவார். மாமியார் வீட்டுக்கு வந்துபோகிற மாப்பிள்ளை மாதிரி!

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இன்னொரு கதையும் இருக்கிறது. அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், 13ஆம் நூற்றாண்டிலேயே கோயிலுக்குள் ஒரு மருத்துவமனை இருந்தது. இக்கரையில், உறையூரில், 19ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் கப்பலேறிய ஒரு சரக்கு தயாரானது. அதுதான் திருச்சிச் சுருட்டு. ஒரு கரையில் மருந்து, மறு கரையில் போதை.

மருந்தையும் சுருட்டையும் ஒரே தராசில் வைப்பதா என்று சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் உடம்புக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. வாய்க்குள் போனது கஷாயமா, புகையா என்று அது கேட்பதில்லை. உள்ளே வந்த வேதிப்பொருள் எது, எவ்வளவு வந்தது, எந்த வழியாக வந்தது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. இந்த விஷயம் புரிய, இரண்டு கரைகளின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பெருமாள் கோயிலில் ஆஸ்பத்திரி

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் தன்வந்திரி சந்நிதியைப் பார்த்திருப்பார்கள். ஒரு கையில் அமிர்த கலசத்தோடு நிற்கும் வைத்தியக் கடவுள். பெருமாள் கோயிலுக்குள் வைத்தியருக்குத் தனிச் சந்நிதி ஏன்? பதில் கல்வெட்டில் இருக்கிறது.

கி.பி. 1257ஆம் ஆண்டு. சோழர்களின் கை தளர்ந்து, ஹொய்சாளர்கள் காவிரிக் கரையில் கால் ஊன்றியிருந்த காலம். மன்னன் வீர ராமநாதனின் அதிகாரியான சிங்கண்ண தண்டநாயகன் ஸ்ரீரங்கம் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலையை ஏற்படுத்தினான். அதை நடத்தும் பொறுப்பு கருடவாகன பண்டிதர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இது பரம்பரையாக வைத்தியம் பார்த்த குடும்பம். கோயிலொழுகு இந்தக் குடும்பத்தின் சேவையை ராமானுஜர் காலத்தோடு இணைத்துச் சொல்கிறது.

இடையில் படையெடுப்புகள் வந்தன. ஆரோக்கியசாலை பாழ்பட்டுப் போனது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சக ஆண்டு 1415இல், அதாவது கி.பி. 1493இல், அதே மரபில் வந்த ஸ்ரீநிவாசன் என்கிற ஸ்ரீரங்க கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியையும் அங்கே எழுந்தருளச் செய்தார் என்று இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. இரண்டு கல்வெட்டுகளுக்கும் நடுவே 236 வருடங்கள்! ராஜ்யங்கள் மாறின. ஹொய்சாளர் போய், சுல்தான்கள் போய், விஜயநகரம் வந்தது. ஆனால் 'இங்கே ஒரு மருத்துவமனை இருந்தது, அது மறுபடி வேண்டும்' என்ற நினைவு மட்டும் அழியவில்லை.

இரவில் பெருமாளுக்கே கஷாயம் சமர்ப்பிக்கிற வழக்கமும் இந்த மரபோடு சேர்ந்ததுதான். நாள் முழுக்க அக்காரவடிசலும் புளியோதரையும் சாப்பிட்டவருக்கு அஜீரணம் வராமல் இருக்க வேண்டாமா!

கல்வெட்டில் ஒரு மருந்துப் பட்டியல்

அந்தக் காலத்து மருத்துவமனையில் என்னென்ன மருந்து இருந்தது? இதற்குத் தமிழ்நாட்டிலேயே இன்னொரு கல்வெட்டு பதில் தருகிறது. காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சி 1063-1070) காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது.

அங்கே கோயிலோடு சேர்ந்து வேதபாடசாலையும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தன. ஆதுலர் என்றால் நோயாளிகள். ஒரு வைத்தியர், ஒரு சல்லியக்கிரியை செய்பவர் (இன்றைய சர்ஜன்), மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர் என்று எல்லோருக்கும் சம்பளம் ஒதுக்கப்பட்டிருந்தது. நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி.

எல்லாவற்றையும் விட ஆச்சரியம், ஒரு வருடத்துக்கு இருப்பில் வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருப்பதுதான். அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, வாசா ஹரீதகி. வாசா என்றால் ஆடாதோடை. ஹரீதகி என்றால் கடுக்காய். ஆடாதோடை இலையை இருமலுக்கும் சளிக்கும் கொடுப்பது தமிழ்நாட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அந்த இலையில் வாசிசின் என்ற ஒரு ஆல்கலாய்டு இருக்கிறது. அதன் அமைப்பை மாதிரியாக வைத்து 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் உருவாக்கிய மருந்துதான் புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் மாறும்போது உண்டாகிற பொருள் அம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் சளி சிரப் வாங்கினால் அட்டையில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சோழர் கல்வெட்டில் இருந்த செடி, வேறு வேஷத்தில் திரும்ப வந்து நிற்கிறது!

இரண்டாவது, லசுனாதி ஏரண்ட தைலம். பூண்டு சேர்த்த விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் குடித்தால் வயிறு போகும் என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரியும். ஏன் போகிறது என்பது 2012இல்தான் தெளிவானது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையின் செல்களில் இருக்கிற ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. குடல் சுருங்கி, உள்ளே இருப்பதைத் தள்ளுகிறது.

மூன்றாவது, பல்லாதக ஹரீதகி. பல்லாதகம் என்றால் சேராங்கொட்டை. சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போடுவார்களே, அதே கொட்டை. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். அப்படிப்பட்ட விஷத்தைச் சுத்தி செய்து, அளவாக மருந்தில் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த மூன்றாவது மருந்துதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது ஒரு தராசு.

புகையிலை வந்த கதை

திருமுக்கூடல் கல்வெட்டில் இல்லாத ஒரு செடி புகையிலை. இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மாதிரி, கொலம்பஸுக்குப் பிறகு வெளியே வந்தது.

ஐரோப்பாவுக்கு அது வந்ததே மருந்து என்ற பெயரில்தான். 1560 வாக்கில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, தலைவலிக்கும் புண்ணுக்கும் நல்லது என்று அதைப் பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு அனுப்பினார். நிகோடின் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். போர்ச்சுக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கும் வந்தது. 1617இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் புகைப்பதைத் தடை செய்தார். யாரும் கேட்கவில்லை.

தமிழர்களோ தடை போடுவதற்குப் பதிலாகப் பாட்டே கட்டிவிட்டார்கள்! சீனிச்சர்க்கரைப் புலவர் எழுதிய 'புகையிலை விடு தூது' பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிற ஒரு சிறு பிரபந்தம். பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். அதில் ஒரு கதை வரும். மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். சிவனிடம் இருந்த வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போனது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோனது. பிரமன் மட்டும் கலைமகளிடம் கொடுத்து வைத்ததால் அவன் இலை பத்திரமாக இருந்தது. மற்ற இலைகள் போயின, இது மட்டும் போகாத இலை, 'போகையிலை'. அதுவே புகையிலை ஆனதாம்!

வெளிநாட்டிலிருந்து வந்த செடிக்கு ஒரு புராணமே கிடைத்துவிட்டது. ஒரு போதைப்பொருள் ஒரு சமூகத்துக்குள் எவ்வளவு வேகமாக உறவுக்காரனாக மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தாம்பூலத்தில் அது வெற்றிலைக்கும் பாக்குக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மூக்குப்பொடியாக வித்வான்களின் இடுப்பில் ஏறிக்கொண்டது. உறையூரில் சுருட்டு ஆனது.

ஹோம்ஸ் கண்டுபிடித்த சாம்பல்

'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே 'சுருட்டு' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். திருச்சிச் சுருட்டுக்கு இலை வந்தது திண்டுக்கல் பக்கத்திலிருந்து. இலையின் நடு நரம்பைக் கிழித்து எடுத்து, ஈரப்படுத்திப் பதமாக்கி, உள் இலையை வைத்து, மேல் இலையால் சுற்றி, நுனியை வெட்டி, காயவைத்துக் கட்டுவார்கள். எல்லாம் கைவேலை. விக்டோரியா மகாராணி காலத்தில் 'ட்ரிச்சினாப்பள்ளி' என்றாலே ஆங்கிலேயர்களுக்குச் சுருட்டுதான் ஞாபகம் வரும். வின்ஸ்டன் சர்ச்சிலும் இதன் ரசிகர் என்று உறையூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு.

இந்தச் சுருட்டை இலக்கியத்தில் நிரந்தரமாக்கியவர் ஆர்தர் கோனன் டாயில். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் திருச்சிச் சுருட்டு பிடித்தவன் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். லண்டனில் ஒரு கொலை, துப்புக் கொடுத்தது நம்ம ஊர்ச் சாம்பல்!

ஆனால் அடுத்த நாவலான 1890இன் 'நால்வர் குறி' வேறு மாதிரி ஆரம்பிக்கிறது. ஹோம்ஸ் தன் கையில் கோகெய்ன் ஊசி போட்டுக்கொள்கிறார். 7 சதவீதக் கரைசல். பக்கத்தில் இருக்கும் டாக்டர் வாட்சன் கண்டிக்கிறார். அந்தக் காலத்து பிரிட்டனில் கோகெய்ன் குற்றமே இல்லை. அதற்கு ஆறு வருடங்கள் முன்புதான், 1884இல், கார்ல் கோலர் என்ற வியன்னா டாக்டர் கண் ஆபரேஷனில் அதை மரத்துப்போகும் மருந்தாகப் பயன்படுத்தி உலகையே வியக்க வைத்திருந்தார். மயக்கமருந்தின் வரலாற்றில் பெரிய பாய்ச்சல் அது. அதே பொருள் ஹோம்ஸின் கையில் போதை. இன்று அதை வைத்திருந்தால் இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. சுருட்டோ கடையில் தொங்குகிறது. எது மருந்து, எது போதை, எது குற்றம் என்கிற கோடுகளைக் காலமும் சட்டமும் போடுகின்றன. உடம்பு அந்தக் கோடுகளைப் படிப்பதே இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் புகையிலையிலிருந்து நிகோடினைத் தனியே பிரித்தார்கள். 1905இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி கோழியின் தசையில் நிகோடினை வைத்தார். தசை சுருங்கியது. பிறகு குராரே என்ற தென் அமெரிக்க அம்பு விஷத்தை வைத்தார். இப்போது நிகோடின் வேலை செய்யவில்லை. அப்படியானால் இரண்டு பொருள்களும் தசையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன! செல்லின் மேல் மருந்தைப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்று லாங்லி முடிவு செய்தார். அதைத்தான் இன்று ஏற்பி என்கிறோம்.

விளக்கெண்ணெய் முதல் ரத்த அழுத்த மாத்திரை வரை எத்தனையோ மருந்துகளை இன்று விளக்குவது இந்த ஒரு கருத்துதான். அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியார்களில் ஒருவர் சுருட்டுக்குள் இருந்த நிகோடின்.

மூளையிலும் நரம்பிலும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. நிகோடின் அதன் பூட்டில் நுழைகிற கள்ளச்சாவி. சிகரெட் புகையை நெஞ்சுக்குள் இழுத்தால் 10 முதல் 20 விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டோபமைன் சுரக்கிறது, ஒரு நிறைவு தோன்றுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைகிறது. எரிச்சல் வருகிறது. அடுத்ததைப் பற்றவைத்தால் அது அடங்குகிறது. 'டென்ஷனுக்குப் பிடிக்கிறேன்' என்று சொல்கிறவர் பல நேரம் போன சிகரெட் கொடுத்த டென்ஷனைத்தான் அடுத்த சிகரெட்டால் தணித்துக்கொண்டிருக்கிறார்.

'நான் உள்ளே இழுப்பதில்லையே' என்று சுருட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. காரமான புகையில் நிகோடின் வாயின் ஈரத்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். நெஞ்சு வரை போக வேண்டிய அவசியமே இல்லை. சிகரெட் புகை அப்படி இல்லாததால்தான் அதை இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சுருட்டின் அடி முதலில் விழுவது வாயில்.

தென்னிந்தியா கொடுத்த கணக்கு

வாய்ப்புற்றுநோய்க்கும் தாம்பூலப் புகையிலைக்கும் தொடர்பு உண்டு என்று உலகத்துக்கு முதலில் சொன்ன இடங்களில் ஒன்று தமிழ் மண்தான். நாகர்கோவில் பக்கத்திலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வாய்ப்புற்றுநோயாளிகள் குவிந்தார்கள். 1908இல் பென்டால் என்ற டாக்டர் 1700 நோயாளிகளின் விவரங்களைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1933இல் ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை லான்செட் இதழில் எழுதினார். லண்டனில் டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதியது 1950இல்தான்.

2003இல் இன்னொரு பெரிய ஆய்வு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். எல்லோரும் புற்றுநோய்தான் முன்னால் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். முன்னால் வந்து நின்றது காசநோய்! புகைக்கிறவர்கள் காசநோயால் சாகும் அபாயம் புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் சுமார் பாதிக்குப் புகைதான் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இந்தியர் பலரின் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. புகை அதை எழுப்பிவிடுகிறது.

பீடி சுற்றி, சுருட்டு சுற்றிப் பிழைத்த குடும்பங்களின் கதை இன்னொரு பக்கம். அவர்களுக்கு வேலை நேரம், விடுமுறை, கூலிப் பாதுகாப்பு கிடைக்க 1966இல்தான் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. உறையூரில் ஒரு காலத்தில் தெருத்தெருவாக நடந்த தொழில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருட்டு குறைவது ஊருக்கு நல்லது என்று சொல்வது சுலபம். அந்த விரல்களுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

விஷம் மறுபடி மருந்தாகிறது

கதையில் கடைசியாக ஒரு திருப்பம். 1960களின் இறுதியில் ஸ்வீடனில், நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறுவதை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். அப்படியானால் புகையில்லாமல், நிகோடினை மட்டும் அளவாகக் கொடுத்தால் என்ன? அதிலிருந்து பிறந்ததுதான் நிகோடின் சூயிங்கம். பிறகு தோலில் ஒட்டும் பட்டையும் வந்தது. அடிமையாக்குவது நிகோடின். கொல்வதில் பெரும்பங்கு புகையிலுள்ள தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மற்ற நச்சுகளுக்கும். இரண்டையும் பிரித்து, நிகோடினை மட்டும் மெதுவாக, குறைத்துக் குறைத்துக் கொடுத்தால், பழக்கத்திலிருந்து வெளியே வர அதே பொருள் படிக்கட்டாக உதவுகிறது.

புகையை விட்டவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகவும் கஷ்டம். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது அடங்கிவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விடுகிறவர், மூன்றாம் நாள் எரிச்சலில் பெட்டிக்கடை பக்கம் போகாமல் தாக்குப்பிடிக்க முடியும்.

சேராங்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்கிய சோழர் காலத்து வைத்தியரும், நிகோடினைப் புகையிலிருந்து பிரித்து மருந்தாக்கிய ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானியும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். அளவும் வழியும் தெரிந்த கையில் விஷமும் மருந்தாகும். அது தெரியாத கையில் மருந்தும் விஷம்தான். டாக்டர் எழுதாமல் தானாக வாங்கி விழுங்குகிற தூக்க மாத்திரைக்கும், இருமல் இல்லாமலே குடிக்கிற சிரப்புக்கும் இது பொருந்தும்.

பங்குனியில் நம்பெருமாள் மறுபடி காவிரியைக் கடந்து உறையூருக்கு வருவார், திரும்பியும் போவார். சுருட்டும் பீடியும் பிடித்து மறு கரைக்குப் போனவர்களில் பலருக்குத்தான் அந்தத் திரும்புகிற வழி கிடைக்காமல் போய்விட்டது. இன்று அந்த வழி இருக்கிறது. அக்கரையில் 1257இலேயே ஒரு ஆரோக்கியசாலையைக் கட்டிவைத்து, இடிந்தபோது மறுபடி எழுப்பிய ஊர் இது. வழி தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.